பல்லக்கா வீட்டு ஒன்பது பல்புகள்

லேபில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாகப் பீங்கான் பல் செய்கிறவள் என்பதால் வந்த பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி அவசரத்தில் அதைப் ‘பல்லக்கு’ ஆக்கிவிட, “தூக்கிட்டுப் போக நாலு பேர் வேணுமே, ஆள் இருக்கா?” என்று அவளே கேட்டுச் சிரித்தாள். ஆனால் தன்னை யாராவது தூக்கிச் சுமக்க வந்தால் பல்லக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஏழு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போயின. பேச்சு போகவில்லை. ஏற்ற இறக்கமில்லாமல், கொஞ்சம் உரக்கப் பேசுவாள். எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அவளுடைய அண்ணனுக்குப் பெரிய மீசை. “அண்ணா, மீசையை வெட்டுங்க, இல்லேன்னா எழுதிக் காட்டுங்க” என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவர் இரண்டையும் செய்ததில்லை.

மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்குக் காதாக இருந்தவை ஒன்பது பல்புகள். வாசல் மணியை அழுத்தினால் ஒன்பதும் மஞ்சளாக மூன்று முறை மினுக்கும். துணி துவைக்கும் மெஷின் நின்றால் பச்சை. புகை கிளம்பினால் நிறுத்தாமல் சிவப்பு.

ஆனால் அந்தச் சேதி வந்து சேரும் வழி சுற்று வழி. வாசல் மணியிலிருந்து கம்பெனி கொடுத்த வெள்ளைப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அது உத்தரவு கொடுத்த பிறகுதான் கூடத்துப் பல்பு மினுக்கும். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை.

ஒரு நாள் கம்பெனியிடமிருந்து ஃபோனில் சேதி வந்தது. ஒன்றாம் தேதி முதல் பழைய பெட்டிகளுக்குச் சேவை கிடையாதாம், புதுப் பெட்டியும் அதற்கேற்ற புதுப் பல்புகளும் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தாள். ஒன்றாம் தேதி காலையில் ஒன்பது பல்பும் வெறும் பல்புகளாகிவிட்டன. எரிந்தன, அணைந்தன, அவ்வளவுதான்.

நாலாம் நாள் மத்தியானம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. முன்பின் தெரியாத ஆள் ஒருவன் தரையில் உட்கார்ந்து உளியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அண்ணன், வியர்த்து விறுவிறுத்து. அவருக்குப் பின்னால் அண்ணி, கன்னத்தில் கை வைத்தபடி.

“முக்கால் மணி நேரம் மணி அடிச்சேன்! உயிரே போயிடுச்சு எனக்கு. அதான் பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தேன்” என்றார் அண்ணன்.

“ஃபோன்ல மெசேஜ் போட்டிருக்கலாமே?”

“போட்டேன். பார்த்தியா நீ?”

ஃபோன் படுக்கை மேல் கிடந்தது. பல்லக்கா உடைந்த பூட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி அவர் உதட்டைப் பார்த்தாள்.

“இனிமே பேச்சே கிடையாது. ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன். சாமானைக் கட்டி வை. நம்ம வீட்டு மாடி ரூமைச் சுத்தம் பண்ணிட்டா உங்க அண்ணி. நீ தனியா இருந்தது போதும்.”

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபத்தைக் காட்டும் விதம் அது. பல்லக்கா போய் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“என்னைப் பார்த்துப் பேசுங்க. கெட்டுப்போனது கம்பெனியோட பெட்டி. நான் கெட்டுப்போகலை. அதுக்கு என்னை ஏன் கட்டித் தூக்கணும்?”

“ஞாயித்துக்கிழமை” என்றார் அண்ணன், உதடு தெளிவாகத் தெரிய.

அன்று சாயங்காலமே கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினாள். பெட்டி இல்லாமல் பல்புகளை நேராக ஹப் எனப்படும் வேறொரு இணைப்புப் பெட்டியோடு இணைக்க வழி உண்டா என்று கேட்டாள். உடனே பதில் வந்தது. ‘மேடம், அது நாங்கள் ஆதரிக்காத முறை. செய்தால் வாரன்டி போய்விடும்.’

‘வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. முடியுமா, முடியாதா?’

‘ஆதரிக்காத முறை, மேடம்.’

முடியாது என்று அவர்கள் சொல்லவே இல்லை என்பதைப் பல்லக்கா கவனித்தாள். வருஷக்கணக்கில் உதட்டைப் படித்தவளுக்குச் சொல்லாமல் விட்டதைப் படிப்பது கஷ்டமில்லை.

மறுநாள் லேப் விட்டதும், கழற்றிக் கொண்டுவந்திருந்த ஒரு பல்போடு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் பல்பின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பல கம்பெனிகளுக்கும் பொதுவான ரேடியோ முறையில்தான் இந்தப் பல்பு பேசுகிறது. அவளுடைய வாசல் மணி, புகைக் கருவி, மெஷின் நின்றதைச் சொல்லும் பிளக் எல்லாமும் அப்படியே. அந்த முறை தெரிந்த ஹப் எதுவானாலும் இவற்றை நேராக வேலை வாங்கலாம்.

சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஹப்பும், அதில் செருக விரல் நீளத்தில் ஒரு ரேடியோ குச்சியும் எடுத்துக் கொடுத்தார். “வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டார்.

“எனக்கு ரெண்டு கை இருக்கு” என்றாள்.

சனிக்கிழமை காலை ஏணியைப் போட்டாள். பல்பு பழைய பெட்டியை மறந்தால்தான் புது ஹப்போடு சேரும். மறக்கவைக்க சுவிட்சை ஆறு தடவை போட்டு அணைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விநாடி விட்டு. அவசரப்பட்டால் பலிக்காது. பீங்கான் சூளை முன்னால் பொறுமையாக நின்று பழகியவள் அவள். ஆறாவது முறை கூடத்துப் பல்பு தானாகக் கண் சிமிட்டியது. ஹப்பின் பட்டியலில் ‘புதிய விளக்கு’ என்று வந்தது. பல்லக்கா ஏணியிலிருந்தே கையைத் தட்டினாள்.

மத்தியானத்துக்குள் நாலு சேர்ந்தன. ஐந்தாவது படுக்கையறைப் பல்பு. அது மசியவில்லை. கண் சிமிட்டியது, ஆனால் பட்டியலில் வரவில்லை. பத்துத் தடவை முயன்றாள். மற்றது போனாலும் போகட்டும், தூங்கும்போது அவளை எழுப்ப வேண்டியது அந்தப் பல்புதான். வயிறு ஒரு பக்கம் கூப்பாடு போட, கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. ஏணியின் கீழ்ப் படியில் உட்கார்ந்தாள். மாடி ரூமையும், பொழுதன்றைக்கும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நலம் விசாரிக்கப்போகும் அண்ணியையும் நினைத்தாள். எழுந்துவிட்டாள்.

கடைக்காரருக்கு மெசேஜ் அனுப்பினாள். ‘குச்சி எங்கே இருக்கிறது?’ என்று திருப்பிக் கேட்டார். ஹப்பின் முதுகில், இன்டர்நெட் பெட்டியை உரசிக்கொண்டு என்று எழுதினாள். ‘அந்தப் பெட்டியின் ரேடியோ இரைச்சலில் அதற்குக் காது கேட்காது. நீளக் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.’

‘அதுக்குமா காது கேக்கலை!’ என்று எழுதிவிட்டு, பழைய பிரிண்டரோடு கிடந்த நீட்டிப்புக் கேபிளை எடுத்துக் குச்சியை அலமாரி உச்சிக்குக் கொண்டுபோனாள். அடுத்த தடவையே படுக்கையறை சேர்ந்தது. மீதி நாலும் ஒன்றிடமிருந்து ஒன்று சேதி வாங்கிக்கொண்டு மளமளவென்று சேர்ந்தன. பிறகு மணியையும் புகைக் கருவியையும் பிளக்கையும் சேர்த்து, எதற்கு என்ன நிறம் என்று ஹப்பில் அவளே எழுதி முடித்தாள். கடைசியாகச் சுவர் சுவிட்சுகள் மேல் டேப்பை ஒட்டினாள். யாராவது அணைத்துவிட்டால் பல்பு செத்துப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அண்ணியோடும் இரண்டு காலிப் பெட்டிகளோடும் வந்து மணியை அழுத்தினார். கை எடுக்கும் முன் கதவு திறந்தது. சாமான் ஒன்றும் கட்டப்படவில்லை.

“இது எத்தனை நாளைக்கு? இன்டர்நெட் போனா?” என்று பல்புகளைக் காட்டிக் கேட்டார் அண்ணன்.

பல்லக்கா நேராகப் போய் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். “இப்ப அடிங்க.”

அவர் ஒயரும் கையுமாக வாசலுக்குப் போய் அடித்தார். வீடு முழுக்க மஞ்சளாக மூன்று முறை மினுக்கியது. அண்ணி தன்னையறியாமல், “அட!” என்றாள். பழக்கதோஷத்தில் சுவிட்சுப் பக்கம் கையும் நீட்டினாள்.

“அண்ணி, இந்த வீட்ல அதைத் தொடக் கூடாது.”

அண்ணன் விடவில்லை. “கரன்ட் போனா என்ன பண்ணுவே?”

“கரன்ட் போனா உங்க வீட்டுக் காலிங் பெல்லும்தான் அடிக்காது. உங்களை யார் தூக்கிட்டுப் போறது?” படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டி, “புகை வந்தா தலையணைக்கு அடியில அதிர்றதுக்கு பேட்டரில ஒண்ணு நேத்து வாங்கி வச்சிருக்கேன். எல்லாம் யோசிச்சாச்சுண்ணா” என்றாள்.

அவருக்கு அழுகை வந்தது போலிருந்தது, மீசை மறைத்துவிட்டது. காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இரண்டு மாதம் பேசவே இல்லை.

இதற்குள் சேதி பரவிவிட்டது. காது கேளாதோர் சங்கத்தில் பதினோரு வீடுகளில் அதே பல்புகள், அதே செத்த பெட்டி. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீடு என்று பல்லக்கா கிளம்பினாள். முதல் வீடு ஒரு தையல்காரருடையது. அவர் ஏணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பவ்யமாக அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

பல்லக்கா தலையை ஆட்டினாள். சைகையில் சொன்னாள்: “நான் ஏற மாட்டேன். நீங்க ஏறுங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னை எதிர்பார்த்து உட்காரக் கூடாது.”

தையல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.