மாமரத்துக்கு நாற்பது தப்படி

1. பஞ்சு பிடித்த முதல் நாள்

நான் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடம் தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில், ஒரு பாசன வாய்க்காலை ஒட்டி இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய, அரசு உதவிபெறும் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பள்ளி, சிஸ்டர்கள் தங்கும் கான்வென்ட், சின்னதாக ஒரு சிற்றாலயம் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். நடுவில் ஒரு மாமரம்.

சேர்ந்த அன்று சான்றிதழ் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அறை காலி. தலைமையாசிரியை சிஸ்டர் ரெஜினா வெளியே வராந்தாவில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு மாணவியின் கால்விரல் இடுக்குகளில் ஊதா மருந்து தடவிக்கொண்டிருந்தார். வயலில் நாற்று நட்டுவிட்டு வரும் பெண்களுக்கு வரும் சேற்றுப்புண் அது. பக்கத்தில் இன்னும் நான்கு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"புது கிளார்க் சாரா? வாங்க, வாங்க. ஃபைலை அப்படி வச்சிட்டு இந்தப் பஞ்சைக் கொஞ்சம் பிடிங்க சார்" என்றார்.

ஜாயினிங் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் செய்த முதல் அலுவலக வேலை பஞ்சு பிடித்தது. எனக்குக் கொஞ்சம் மானக்கேடாகத்தான் இருந்தது. டிகிரி முடித்தவன், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் என்ற நினைப்பு அப்போது தலை நிறைய இருந்தது.

2. நடவு நோட்டு

சிஸ்டர் ரெஜினாவை ஊரில் பெரிய சிஸ்டர் என்பார்கள். கணக்குப் பாடம் எடுப்பார். விகிதமும் சதவீதமும் அவர் வகுப்பில் நாற்றுக்கட்டிலும் குழிக்கணக்கிலும்தான் நடக்கும். "ஒரு மா நிலத்துக்கு நூறு குழி. உங்க அம்மா ஒரு நாள்ல எத்தனை குழி நடுறாங்கன்னு கேட்டுட்டு வா" என்று வீட்டுப்பாடம் கொடுப்பார். புத்தகக் கணக்குக்கு எழுந்து நிற்காத பெண்கள் அதற்குக் கை தூக்குவார்கள்.

எங்கள் மாணவிகளில் பாதிப் பேர் கூலி விவசாயக் குடும்பம். சம்பா நடவு, தாளடி நடவு என்று வந்தால் பெஞ்சுகள் காலியாகும். மற்ற பள்ளிகளில் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள். பெரிய சிஸ்டர் அடிக்க மாட்டார். பெற்றோரிடம் முன்கூட்டியே லீவு கடிதம் வாங்கிக்கொள்வார். கைநாட்டாக இருந்தாலும் சரி. யார் எந்த ஊர் நடவுக்குப் போயிருக்கிறாள், என்ன பாடம் விட்டுப்போயிற்று என்று ஒரு தனி நோட்டில் எழுதி வைப்பார். அதற்கு நடவு நோட்டு என்று பெயர். சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாகப் போய், நடவு ஆட்கள் கரையேறும் வரை காத்திருந்து, அந்தப் பெண்களுக்கு அன்றைய கணக்கைச் சொல்லிவிட்டு வருவார். இடுப்பில் செருகிய பாவாடையோடு அந்தப் பிள்ளைகள் வெட்கப்பட்டு நெளியும். "சேறு என்ன பண்ணுது? வாய்பாடு சொல்லு" என்பார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ரிஜிஸ்டரைக் கையில் வைத்திருப்பவனுக்கு அது தலைவலி. ஒரு முறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி பெஞ்சுகளை எண்ணிப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார். "ரிஜிஸ்டர் ஒண்ணு சொல்லுது, பெஞ்சு ஒண்ணு சொல்லுது. இது ஸ்கூலா, சத்திரமாய்யா?" என்றார். ஒரு வாரத்தில் என் பெயருக்கு மெமோ வந்தது.

"விடுங்க சார், நான் பதில் எழுதுறேன்" என்றார் பெரிய சிஸ்டர். எழுதவும் செய்தார். விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் எனக்குள் முடியவில்லை. நல்ல பெயர் அவருக்கு, மெமோ எனக்கா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். பின்னால் நடந்ததற்கு விதை இந்தக் கறுவல்தான்.

3. எட்டு நாள் மௌனம்

சிஸ்டர்கள் வருடத்துக்கு எட்டு நாள் தியானம் இருப்பார்கள். அந்த எட்டு நாளும் யாரிடமும் பேச மாட்டார்கள். வழக்கமாக மே விடுமுறையில் வரும். அந்த வருடம் மே மாதம் பெரிய சிஸ்டர் டைபாய்டில் படுத்துவிட்டதால், நவம்பரில் எங்கள் கான்வென்டிலேயே தனியாகத் தியானம் இருந்தார். பள்ளி நடந்துகொண்டிருந்தது. சீனியர் டீச்சர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். காலையும் மாலையும் பெரிய சிஸ்டர் கையில் ஜெபமாலையோடு, தலையைக் குனிந்தபடி மாமரத்தைச் சுற்றி நடப்பார். என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும்.

பத்தாம் வகுப்பில் பரமேஸ்வரி என்று ஒரு பெண். தெற்குத் தெரு. கணக்கில் வகுப்பிலேயே முதல். தாளடி நடவுக்கு அம்மாவோடு போயிருந்தாள். மழை விடாமல் பெய்ததில் நடவு தள்ளிப்போய், அவள் கொடுத்திருந்த லீவு கடிதத்தின் நாள்கள் தீர்ந்துவிட்டன.

தியானத்தின் மூன்றாம் நாள் அவள் அம்மா அஞ்சம்மாள் என் ஜன்னலுக்கு வந்தார். முழங்கால் வரை சேறு. கையில் ஒரு பாலிதீன் பை, அதற்குள் மடித்த காகிதம்.

"கிளார்க்கு சார், பரமேஸ்வரிக்கு லீவு கடுதாசி. நடவு முடிய இன்னும் பத்து நாளு ஆவும். பெரிய சிஸ்டர்ட்ட குடுக்கணும்."

"பெரிய சிஸ்டர் மௌனத்துல இருக்காங்கம்மா. யார்ட்டயும் பேச மாட்டாங்க."

"பேச வேணாம் சார். அந்தா நடக்குறாங்களே, கையில குடுத்துட்டுப் போயிடுறேன்."

"அதெல்லாம் கூடாது. அடுத்த வாரம் வாங்க."

அவர் மாமரத்தைப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய சிஸ்டர் தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அஞ்சம்மாள் காகிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

சரி, இங்க குடுங்கம்மா என்று நான் சொல்லியிருந்தால் போதும். கடிதம் வாங்குவதுதான் என் வேலை. ஒரு தடவையாவது எல்லாம் ரூல்படி நடக்கட்டும், அப்போதுதான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். 'இவர்கள்' என்று நான் நினைத்தது யாரை என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பொதுத்தேர்வு எழுதும் மாணவிகளின் பெயர்ப் பட்டியல், நாங்கள் நாமினல் ரோல் என்போம், மறுநாள் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். பொறுப்பு டீச்சர் பட்டியலை விரலால் ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"பரமேஸ்வரி பேரு இல்லையே சார்?"

"லீவு லெட்டர் வரல டீச்சர். ரூல்படி ரிஜிஸ்டர்லயே பேரை எடுத்தாச்சு."

"பெரிய சிஸ்டரை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"மௌனத்துல இருக்காங்களே டீச்சர்."

டீச்சர் கத்தோலிக்கர். தியானத்தில் இருப்பவரைக் கலைப்பது பாவம் என்று உண்மையாகவே நம்பினார். நான் விபூதி பூசுகிறவன். எனக்கு அந்த நம்பிக்கை அன்றைக்கு வசதியாக இருந்தது. டீச்சர் கையெழுத்துப் போட்டார். நான் சீல் வைத்தேன்.

4. ஒன்பதாம் நாள்

தியானம் முடிந்த காலையில் கான்வென்டில் ஒரே சிரிப்புச் சத்தமாக இருக்கும். எட்டு நாள் பேச்சையும் அந்த ஒரு காலையில் பேசித் தீர்ப்பார்கள். பெரிய சிஸ்டர் ஒரு தட்டில் கேசரியோடு ஆபீசுக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"சாப்பிடுங்க சார். நாமினல் ரோல் போயிடுச்சாமே? எங்க, ஆபீஸ் காப்பியைக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டு தடவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பரமேஸ்வரி எங்க சார்?"

"லீவு லெட்டர் வரல சிஸ்டர். பேரை எடுத்துட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்க மௌனத்துல இருந்தீங்க."

அவர் தட்டை மேசையில் வைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மௌனம் எனக்குத்தானே சார். உங்களுக்கு இல்லையே" என்றார்.

அடுத்த பஸ்ஸில் இருவரும் தஞ்சாவூர் போனோம். கல்வி அலுவலகத்தில் அவர் நின்றுகொண்டே பேசினார். அதிகாரி இரக்கமில்லாதவர் இல்லை. "ரிஜிஸ்டர்லயே நீங்க பேரை அடிச்சிட்டீங்களே சிஸ்டர். லிஸ்ட் சென்னைக்குப் போயாச்சு. இனிமே அந்தப் பொண்ணு தனித்தேர்வரா எழுதிக்க வேண்டியதுதான்" என்றார்.

திரும்பி வந்ததும் பெரிய சிஸ்டர் பள்ளிக்கு வராமல் நேரே தெற்குத் தெருவுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அஞ்சம்மாளும் மகளும் அப்போதுதான் வயலிலிருந்து வந்திருந்தார்கள். பெரிய சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். பரமேஸ்வரி சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா பழகுறோம். நாள் தள்ளிப்போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா அஞ்சம்மா?"

அஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தோணல சிஸ்டர். மறந்துட்டேன்" என்றார்.

பெரிய சிஸ்டர் கீழே உட்கார்ந்தார். பையிலிருந்து ஊதா மருந்துப் புட்டியை எடுத்து, பரமேஸ்வரியின் காலைப் பிடித்து மருந்து போட்டார். இந்தத் தடவை பஞ்சைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை.

5. பிறகு

தனித்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கிவந்து பெரிய சிஸ்டரே நிரப்பினார். அதற்குள் அந்தப் பெண்ணைத் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கேயும் பஸ் ஏறிப் போனார். "இனிமே வேணாம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டாளாம். ஊர் வந்த பிறகு அந்த விண்ணப்பத்தை நடவு நோட்டுக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த வருடத் தியானத்துக்கு முந்தின நாள் என் ஜன்னலில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து. "யார் வந்தாலும் என்னைக் கூப்பிடவும்." யாரும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் மட்டும் என்னிடம் சொல்வார், "அஞ்சம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார். நம்மகிட்ட என்ன தயக்கம்?" என்று. நான் ஃபைலைப் புரட்டுவேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரை வந்திருக்கிறது. சில வருடம் கழித்து அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஒரே ஒரு சூட்கேஸோடு போய்விட்டார். இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்று அன்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எழுதவே கூசுகிறது, ஆனால் நிம்மதிதான்.

இந்தத் தை மாதம், தஞ்சாவூரில் வயதான சிஸ்டர்கள் தங்கும் இல்லத்தில் அவர் இறந்துபோனார். பழைய மாணவிகளின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்து போனேன். மதியம் மூன்று மணிக்கு அடக்கம். பூசை தொடங்கும் வரை வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார்.

"கிளார்க்கு சார்தானே?"

அஞ்சம்மாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. பேத்தி நர்சிங் படிக்கிறாள், பரமேஸ்வரியின் மகள் என்றார். கேட்காமலே சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னிக்கு நீங்க கடுதாசியோட வந்ததை நான் பெரிய சிஸ்டர்ட்ட சொல்லவே இல்லம்மா."

"தெரியும் சார். நானும் சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா உங்களை வேலையை விட்டு எடுத்துருவாங்கன்னு நெனச்சேன். நீங்க புள்ளகுட்டிக்காரரு. எம் பெரியவனுக்கு ஜாதிச் சான்றிதழ் ஃபாரமெல்லாம் நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? எம் பொண்ணு படிப்புதான் போச்சு, உங்க வூட்டு அடுப்பு எதுக்கு அணையணும்?"

பிறகு அவரே சொன்னார்: "பெரிய சிஸ்டர் எங்க பாத்தாலும், 'ஒரு வார்த்தை சொல்லலியே அஞ்சம்மா'ம்பாங்க. அது ஒண்ணுதான் சார் கஷ்டமா இருந்துச்சு."

குழியில் ஆளுக்கொரு பிடி மண் போடும் வழக்கம். அஞ்சம்மாள் எனக்கு முன்னால் போட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். என் முறை வந்தது. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது சொல் என்று மனம் சொன்னது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. அன்றும் சொல்லாமல்தான் மண்ணைப் போட்டேன்.

மறுவாரம் பழைய பள்ளிக்குப் போனேன். என் ஜன்னலும் மாமரமும் அப்படியே இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து பார்த்தேன். நாற்பது தப்படி. இந்த வயதில், முழங்கால் வலியோடு, ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டேன்.

ஆபீஸ் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஜன்னலில் நிற்பவரை அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பத் தோன்றும்போது, அது ரூல் சொல்வதா, உங்கள் மனக்கறுவல் சொல்வதா என்று ஒரு கணம் பாருங்கள். தப்பே செய்துவிட்டாலும், கேட்க வேண்டியவர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததை இங்கே, எனக்குத் தெரிந்த ஆபீஸ் பாஷையில் எழுதி வைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி பரமேஸ்வரியின் தாயார் அஞ்சம்மாள், மகளின் விடுப்புக் கடிதத்துடன் பெயர் நீக்கப்படுவதற்கு முன்பே பள்ளிக்கு நேரில் வந்தார். வாங்காமல் திருப்பி அனுப்பியவன் நான்.