ஜன்னலுக்காக வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

கட்டட அலுவலகத்தில் அவரை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையில் குடை இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். முப்பத்திரண்டு வருடமாக வீட்டு பிளான் வரைகிறார். முதலில் பலகையில் பேப்பரை ஒட்டி, மைப்பேனாவால், பிறகு கம்ப்யூட்டரில். புதிதாக ஓர் அறைக்குள் நுழைந்தால் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார். "பத்துக்குப் பன்னிரண்டு" என்று அவர் வாயால் சொன்னால், டேப் வைத்துப் பார்த்தாலும் அதேதான் வரும்.

ஊரில் எத்தனையோ பேருக்கு வீடு வரைந்து கொடுத்தவரிடம், தான் வளர்ந்த வீட்டுக்கு மட்டும் ஒரு கோடுகூட இல்லை.

அது நீரேற்று நிலையத்துக் குவார்ட்டர்ஸ். அப்பா அங்கே பம்ப் ஆபரேட்டராக இருந்தார். பன்னிரண்டு வீடுகள், ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசையில். இவர்களுடையது ஏழாவது. போன வருடம் அந்த வரிசையை மொத்தமாக இடித்துவிட்டார்கள். சைட் பார்க்க அந்தப் பக்கம் போன அக்கா, கம்பி வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். செங்கல் குவியலில் அவர்கள் வீட்டுச் சமையலறையின் பச்சைச் சுவர்த் துண்டு ஒன்று கிடந்தது. எட்டாம் வீட்டுச் சுவராகவும் இருக்கலாம். எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைதான்.

அன்று சாயங்காலமே வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏழாம் நம்பர் வீட்டை வரைய ஆரம்பித்தார். உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி, சுவர் உயரம், கதவு, பரண் எல்லாம் சேர்த்து. அளவுகளைக் கால்கள் நினைவு வைத்திருந்தன. வாசலிலிருந்து அடுப்பு வரை சின்ன வயசில் பதினாலு எட்டு வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வருவார். லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியும் அக்காவிடம் சண்டை போடாமல் ஒரு ஞாயிறும் போனதில்லை. திரையைக் குனிந்து பார்த்தவர், முதல் பார்வையிலேயே குற்றம் கண்டுபிடித்துவிட்டார்.

"உள் ரூம்ல எதுக்குக்கா ஜன்னல் வெச்சிருக்கே?"

"இருந்துச்சு, வெச்சிருக்கேன்."

"அங்க சுவருதான். நான் அந்த ரூம்லதான் படுத்திருந்தேன். பகல்லயே கும்மிருட்டா இருக்கும்."

"மேற்குப் பக்க ஜன்னல்டா. நாலு மணிக்கு வெயில் நேரா வந்து எதிர்ச் சுவர்ல விழும். அதுல நான் கைய வெச்சு மான், முயல்லாம் பண்ணுவேன்."

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பஞ்சாயத்து போனது. அம்மாவுக்கு எண்பத்தொன்று. காது கொஞ்சம் மந்தம், நாக்கு மந்தமில்லை.

"இடிச்ச வீட்டுக்கு ஜன்னல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போர்வையை உதறினார்.

அக்கா விடவில்லை. அவருடைய மென்பொருளில் ஒரு வசதி உண்டு. திசையையும் மாதத்தையும் மணியையும் கொடுத்தால், வெயில் எங்கே விழும் என்று காட்டும். தன் நினைவில் இருக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் ஜன்னல் சரி. ஆனால் வெயிலை விட்டதும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. படம் ஓர் அடி நகர்ந்து, நின்று, யோசித்து, இன்னோர் அடி நகர்ந்தது. பிறகு திரை அப்படியே உறைந்துபோனது.

"கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சுக்கா. படத்தை ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்" என்றார் தம்பி. அடுத்த ஞாயிறு, கூட வேலை செய்கிறவர் விற்கப் பார்த்த பழைய கார்டு ஒன்றை இரவலாகத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று ஃபேன் வைத்தது. கையில் பிடித்தால் செங்கல் கனம்.

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே பன்னிரண்டு வருடத் தூசி. பெட்டியின் ஓரத்தில் தம்பியின் கையெழுத்தில் பென்சிலால் ஒரு தேதி. தம்பியும் அக்காவின் கணவரும் தரையில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு பாகமாகப் பொருத்திய நாள் அது. அன்று கணவர் செய்முறைப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தார். தம்பி அதைக் காதில் வாங்காமல் மாட்டினார். மூன்று ஸ்குரூ மிச்சம். "மிச்சம் வந்தா நல்ல மெக்கானிக்னு அர்த்தம் மச்சான்" என்று தம்பி சொன்னதற்கு அவர் சிரித்த சிரிப்பு. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தத் தேதியில் துணி படாமல் அக்கா தூசியைத் துடைத்தார்.

அக்கா டேப்பை எடுத்தார். கார்டு மாட்டும் இடத்திலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை இருபத்து நாலு சென்டிமீட்டர். மூன்று ஃபேன் கார்டு முப்பது.

"கூண்ட அறுத்துடலாமா?"

"உன் லாரி இல்லடா இது."

மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் லேபிளையும் படித்தார்கள். நானூறு வாட்தான். கார்டு கேட்கிற தனி ஒயர் அதில் இல்லவே இல்லை. தம்பி கார்டைத் துணியில் சுற்றித் திரும்ப எடுத்துப்போனார்.

சனிக்கிழமை அக்கா கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் கம்ப்யூட்டரின் வயதைக் கேட்டதும் துக்கம் விசாரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"மேடம், அதுக்கு எதுக்குச் செலவு பண்றீங்க? புதுசாவே வாங்கிடுங்க. பெரிய கார்டு போட்டாலும் உங்க பழைய பிராசஸர் அதுக்கு ஈடு கொடுக்காது."

"அதனாலதான் சின்ன கார்டு கேக்கறேன். தனி ஒயர் வேண்டாம், மதர்போர்டுலயிருந்தே கரண்ட் எடுத்துக்கணும். நீளம் இருபத்து நாலுக்குள்ள."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். அக்கா மூன்றையும் அளந்தார். ஒன்று நீளம். இன்னொன்றில் நினைவகம் குறைவு. வீடு முழுக்க வெயிலைத் தாங்காது. மூன்றாவது ஒற்றை ஃபேன், பதினேழு சென்டிமீட்டர். அதைத்தான் வாங்கினார்.

"மானிட்டரும் பழசுதானா மேடம்?"

"அதே வயசுதான்."

"அப்ப இந்தக் கார்டுல உங்க மானிட்டரோட நீலத் தலை கேபிள் சேராது" என்று ஒரு சின்ன மாற்றுக் கருவியையும் கையில் வைத்தார். "இல்லாட்டி வீட்டுக்குப் போய் மாட்டிட்டு, திரை கறுப்பா இருக்குன்னு என்னைத் திட்டுவீங்க."

ஞாயிறு மதியம் தம்பி மாட்டினார். கார்டு கதவுத் தாழ்ப்பாள் மாதிரி சடக்கென்று உட்கார்ந்தது. மானிட்டர் எரிந்தது. அக்கா வீட்டைத் திறந்து, திசையை வைத்து, மணியை நாலு ஆக்கினார்.

வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நழுவி, எதிர்ச் சுவரில் சாய்ந்து விழுந்தது. படம் திக்காமல், நடக்கிற வேகத்திலேயே நகர்ந்தது.

"பாத்தியா!" என்றார் அக்கா.

"நீ ஜன்னல் வெச்சே, வெயில் வந்துச்சு. இதுல என்ன நிரூபிச்சே?" என்றார் தம்பி.

சத்தம் கேட்டு அம்மா வந்து பின்னால் நின்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். அக்கா வாசலிலிருந்து மெதுவாக நடத்திக்கொண்டு போனார். கூடம், சமையலறை, உள் அறை. வெயில் விழுந்திருக்கும் சுவரைப் பார்த்ததும் அம்மா சட்டென்று கையை நீட்டினார்.

"இவ்வளவு வெயில் விட்டா மனுஷன் எப்படித் தூங்குவாரு? கம்பளி எங்கடி?"

"என்ன கம்பளி?"

"இவன் பொறந்த வருஷம் உங்கப்பாவுக்கு நிரந்தரமா ராத்திரி ஷிப்ட் போட்டாங்க. பகல்ல தூங்கணும். வெயில் கண்ணுலயே அடிக்கும். நான்தான் ஜன்னல் மேல கம்பளிய விரிச்சு, சுத்தி ஆணி அடிச்சேன். காலி பண்ற வரைக்கும் எடுக்கவே இல்ல."

தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தச் சுவர்ல சாஞ்சா மெத்துனு இருக்கும்கா. சுவர் ஏன் மெத்துனு இருக்குன்னு எனக்குக் கேக்கவே தோணல."

"எனக்கு எப்படி அந்தக் கம்பளி மறந்துச்சு?" என்றார் அக்கா. அவருக்கு அப்போது ஐந்து வயது. மான், முயல் எல்லாம் அதற்கு முந்தைய வெயிலில்.

"உனக்குத் தம்பி பொறந்ததே பிடிக்கல. கம்பளியையா ஞாபகம் வெச்சுக்குவே?" என்றார் அம்மா.

அக்கா ஜன்னல் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை வரைந்தார். அறை இருண்டது. ஓரத்தில் மட்டும் நூல் கனத்துக்கு வெளிச்சம் கசிந்தது.

"இதுதான் நம்ம ரூம்" என்றார் தம்பி. தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்தியிருந்தார். அப்பா தூங்குகிற நேரத்தில் அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

அம்மா அதற்குப் பிறகு தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மௌஸ் பிடிக்கப் பழகினார். முதல் நாளே சமையலறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அங்கே வெறும் சாம்பல் நிறம்தான் இருந்தது.

"எட்டாம் வீடு எங்கடி?"

"இன்னும் வரையலம்மா."

"அவங்க இல்லாம நம்ம வீடு மட்டும் தனியா நிக்குது பாரு, அநாதை மாதிரி. வரை."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அதனால் எட்டாம் வீட்டின் ஒரு பக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது.