கடலுக்குள் விழுந்த புள்ளி

பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தபோது, அவரவர் பிறந்த வீட்டை வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். திருவொற்றியூர்க் கரையிலிருந்த எங்கள் வீட்டைக் கடல் எப்போதோ கொண்டுபோயிருந்தது. பழைய செயற்கைக்கோள் படத்தில் கூரையைத் தேடிப்பிடித்துக் குறித்தேன். புதிய படத்தில் அந்தப் புள்ளி, கருங்கல் தடுப்புக்கு அப்பால், தண்ணீரில் நின்றது.

தண்ணீரில் விழும் புள்ளியைப் பிழையென்று நீக்குவது எங்கள் ஆய்வகத்து வழக்கம். பக்கத்தில் இருந்த நண்பன், "தப்பா கீது மாமு, தூக்கிடு" என்றான்.

"இன்னாடா தப்பு? எங்க வூடுடா அது!" என்று கத்திவிட்டேன். ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

மாலையில் அம்மாவிடம் கைப்பேசியில் அந்தப் புள்ளியைக் காட்டினேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல வாசப்படி எந்தப் பக்கம் கீது, நைனா?"

புள்ளிக்கு வாசல் கிடையாது.