குளிரில் வளர்வது

பால்பொருள் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவளைச் சக ஊழியர்கள் ‘கிருமியக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். காபி கொடுத்தால்கூடச் சோதித்துவிட்டுத்தான் குடிப்பாள் என்று கணவரும் கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொள்வாள்.

சீஸின் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் இருபத்தைந்து கிராம் எடுத்துச் சத்துக்கரைசலில் கலந்து, இளஞ்சூட்டில் வளரவிட்டு, பிறகு கிருமி வளர்க்கும் தட்டில் தீற்றுவாள். முடிவு தெரிய ஐந்து நாள் ஆகும். அவள் பயந்தது லிஸ்டீரியா ஒன்றுக்குத்தான். மற்ற கிருமிகள் பெரும்பாலும் குளிரில் முடங்கிக் கிடக்கும். இது குளிர்பெட்டிக்குள்ளேயே பெருகும். வாடையும் காட்டாது, ருசியையும் கெடுக்காது.

ஒருமுறை மேலாளர் அவசரப்பட்டு, முடிவு வருமுன்பே நாற்பது பெட்டிகளைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார். ஐந்தாம் நாள் தட்டைத் திறந்து பார்த்தாள். நீலப்பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலான வளையம். லிஸ்டீரியாவின் அடையாளம். உறுதிப்படுத்தும் சோதனையும் அதையே சொன்னது.

“கை தவறியிருக்கும்மா. இன்னொரு தடவை போட்டுப் பாரு” என்றார் மேலாளர்.

“அதுக்கு அஞ்சு நாளாகும் சார். அதுக்குள்ள தின்னு முடிச்சிடுவாங்க.”

அவள் காத்திருக்காமல் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள். கடை கடையாகப் போன் போட்டாள். முப்பத்தேழு பெட்டிகள் திரும்பின. மூன்று விற்றுப்போயிருந்தன. இந்த நோய் தலைகாட்ட இரண்டு மாதம்கூட ஆகலாம் என்பது அவளுக்குத் தெரியும். போன் அடிக்கும்போதெல்லாம் பகீரென்றது.

நாற்பத்தாறாம் நாள், உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவள் எண்ணை வாங்கி, மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் பேசினார்.

“சீஸ்ல கெடச்ச அந்தக் கிருமிய எடுத்து வச்சிருக்கீங்களாக்கா? ஏழு மாசக் கர்ப்பிணி. ரத்தத்துல லிஸ்டீரியா வளந்திருக்கு.”

உறைபெட்டியில் வைத்திருந்ததை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு கிருமியும் ஒன்றுதான் என்று தெரிவதற்குள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. தாய் பிழைத்தாள்.

தொழிற்சாலையை மூடி மூலைமுடுக்கெல்லாம் பஞ்சால் துடைத்துச் சோதித்தார்கள். பொட்டலம் கட்டும் அறையின் தரைவடிகாலில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்துக் கழுவினார்கள். முதல் சோதனையில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. எல்லோருக்கும் போன உயிர் வந்தது. மறுபடி வேலை தொடங்கியது.

வேலை தொடங்கிய மூன்றாவது வாரத் தட்டில் ஒரே ஒரு நீலப்பச்சைப் புள்ளி இருந்தது. வளையத்தோடு. அவள் அதை மேலாளர் மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, இன்னொரு சோதனை கேட்காமல் எழுந்துபோய் இயந்திரத்தை நிறுத்தினார்.