அப்பா கண்ணை மூடாத படம்

ஃப்ளாஷ் அடித்து அணைந்த பிறகும் கண்ணுக்குள் ஒரு பச்சை வட்டம் மிதந்துகொண்டே இருக்கும். இமையை மூடினால் சிவப்பாகும், திறந்தால் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், தேய்க்கத் தேய்க்கப் பெரிதாகும். கிறிஸ்துமஸ் என்றதும் மற்றவர்களுக்குக் கேக்கோ வாசலில் தொங்கும் நட்சத்திரமோ நினைவுக்கு வருமாயிருக்கும். எனக்கு அந்தப் பச்சை வட்டமும், அது மறைவதற்குள் ஸ்டுடியோக்காரரிடம் அம்மா கேட்கும் கேள்வியும்தான் வரும். "அண்ணே, அவரு கண்ணு தொறந்திருந்துச்சா?"

எங்கள் வீடு கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்துச் சுரங்கத் தொழிலாளர்களின் 'லைன்' வீடுகளில் ஒன்று. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, நடுவில் தகர அலமாரி, அவ்வளவுதான். அப்பா சுரங்கத்தில் 'டிம்பர்மேன்', அதாவது பூமிக்கடியில் பாறை சரிந்துவிடாமல் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பவர். வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருக்கிற மனிதர், கேமரா முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். வெளிச்சம் அடிக்கிற அந்தக் கணத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும். சுரங்கத்துக்குள்ளே பளிச்சென்று எது மின்னினாலும் அது வெடி, முதலில் கண்ணை மூடு என்று அவர் உடம்பு கற்றுவைத்திருந்தது போலும். கல்யாணப் படத்திலிருந்து தம்பி சாமுவின் ஞானஸ்நானப் படம் வரை எல்லாவற்றிலும் அப்பா கண்ணை மூடியபடிதான் இருந்தார். அவருக்கு அது வேடிக்கை. "நான் ஜெபத்துல கீறேன்னு சொல்லிடு" என்பார்.

அம்மாவுக்கு அது வேடிக்கை இல்லை. காரணம் பக்கத்து வீட்டுச் சுவரில் தொங்கியது.

பக்கத்து வீட்டு அற்புதம் அத்தையின் கணவர் நான் பிறப்பதற்கு முன்பே சுரங்கத்தில் இறந்துபோனவர். உயிரோடிருந்தவரை அவர் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. அடக்கத்தன்று ஸ்டுடியோக்காரரை வரவழைத்து, பெட்டிக்குள் இருந்த முகத்தைப் படமெடுத்து, பிறகு அந்தப் படத்தின்மேல் பிரஷ்ஷால் கண்களை வரைந்து, திறந்த கண்ணோடு இருப்பவர் மாதிரி ஆக்கிக் கொடுத்திருந்தார்கள். அதைத்தான் அத்தை காகிதப்பூ மாலை போட்டு மாட்டியிருந்தார். வரைந்த கண்கள் இரண்டும் ஒரே அளவில்லை. ஒன்று கொஞ்சம் பெரிது, அதில் ஒரு வெள்ளைப் புள்ளி வேறு. கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதியிருக்கும். நித்திரை என்றால் தூக்கம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தூங்குகிறவர் ஏன் இப்படி என்னைப் பார்க்கிறார் என்று எனக்குக் குலைநடுங்கும். கதவோரம் நின்றாலும் பார்ப்பார், அடுப்படிக்குப் போனாலும் பார்ப்பார். அத்தை நல்லவர், கையில் எப்போதும் தின்ன ஏதாவது வைத்திருப்பார், ஆனாலும் அந்த வீட்டுப் படியேறுவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பேன்.

போதாததற்கு, ரோஸ் குக்கி, அதுதான் அச்சுமுறுக்கு, சுடும் அச்சு எங்கள் வரிசையிலேயே அத்தையிடம் ஒன்றுதான் இருந்தது. டிசம்பர் வந்தால் அதை வாங்கிவர அம்மா என்னைத்தான் அனுப்புவார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே போய், தரையைப் பார்த்துக்கொண்டே திரும்புவேன். ஒருமுறை "ஏன்டி தலைகுனிஞ்சிக்கினு வர்றே?" என்று அம்மா கேட்டதற்கு, அந்த மாமாவின் கண் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அம்மா மாவு பிசைந்த கையை நிறுத்திவிட்டு, எனக்கல்ல, அடுப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "உங்கப்பாவுக்குக் கண்ணு வரையற வேலைய எவனுக்கும் குடுக்க மாட்டேன்."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கிறிஸ்துமஸ் படம் என்று நாங்கள் வருடா வருடம் பவுடர் பூசிக்கொண்டு போவது பண்டிகைக்காக அல்ல. ஒருநாள் தேவைப்படும் என்றுதான் அம்மா அதை எடுக்கிறார். அதற்குப் பிறகு ஆல்பத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அப்பாவை என்னால் பார்க்க முடியாமல் போயிற்று. அந்தப் பக்கம் வந்தால் சாமுவிடம் தள்ளிவிடுவேன்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்குக் காலை 'ஷிஃப்ட்'. மத்தியானம் சங்கு ஊதினால் ஏறி வந்துவிடுவார், குளித்துவிட்டு எல்லோருமாக ராபர்ட்சன்பேட்டைக்குப் போகலாம் என்று அம்மா காலையிலிருந்தே எங்களைத் தயார்செய்ய ஆரம்பித்துவிட்டார். எங்களைத் தயார்செய்வது என்றால் லேசான காரியமில்லை. சாமுவுக்கு வாங்கிய ஷூ அடுத்த வருடத்துக்கும் ஆகவேண்டும் என்று பெரிதாக வாங்கியது, அதற்குள் பழைய துணியைத் திணிக்க வேண்டும். எனக்கு வெள்ளை கவுன். வெள்ளை கவுனுக்கு எங்கள் ஊரில் ஒரு ஜென்மப் பகை உண்டு. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் 'சயனைட் மேட்டு' மண், அதுதான் தங்கம் பிரித்தெடுத்த பிறகு மலைமலையாகக் கொட்டிவைத்த கழிவு மண், பறந்துவந்து துணியெல்லாம் படியும். அதனால் ஜன்னலைச் சாத்தி, எங்கள் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து, "அசைஞ்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, அம்மா என் தலையைப் பின்ன உட்கார்ந்தார். எண்ணெய் தடவி, கண் இழுத்துக்கொள்கிற மாதிரி இறுக்கி ஒரு பக்கம் பின்னி ரிப்பன் கட்டியாயிற்று. மறுபக்கத்துக்கு வகிடு எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் அலமாரியில் இருந்த டம்ளர்கள்தான் பேசின. கிணிகிணியென்று ஒரு சத்தம். அதற்குள் பெஞ்சு நடுங்கியது, காலுக்கடியில் யாரோ பெரிய பீரோவைத் தள்ளுவதுபோல் தரை ஒருமுறை உருண்டது, பவுடர் டப்பா விழுந்து வெள்ளையாகக் கொட்டியது. எங்கள் ஊரில் அதை விளக்கிச் சொல்லவேண்டிய குழந்தை கிடையாது. 'ஏர் பிளாஸ்ட்'. கீழே எங்கோ பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறியிருக்கிறது. மேலே டம்ளர் ஆடினால் கீழே என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவின் கை என் கூந்தலைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. பிறகு சீப்பைக் கீழே போட்டுவிட்டு, சாமுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். லைன் முழுக்கப் பெண்கள் வெளியே நின்றார்கள். யாரும் கத்தவில்லை. எல்லோரும் ஒரே திசையில், சுரங்கத்துக்குள் இறங்கும் 'ஷாஃப்ட்' பக்கமாக நடந்தார்கள், போகப் போக நடை ஓட்டமாயிற்று. சாமுவின் ஒரு ஷூ வழியில் எங்கோ கழன்று விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவர் அற்புதம் அத்தை. அவருக்காகக் கீழே யாரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவர் வருவார்.

வாசல் கேட்டுக்கு வெளியே நின்றோம். அங்கிருந்து பார்த்தால் ஷாஃப்ட் உச்சியில் இருக்கும் பெரிய சக்கரம் தெரியும். அது சுற்றினால் 'கேஜ்' வருகிறது என்று அர்த்தம். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக்கூண்டு அது. சக்கரம் சுற்றும், கொஞ்ச நேரத்தில் சாம்பல் பூசிய மாதிரி ஆட்கள் வெளியே வருவார்கள், கூட்டத்தில் ஒரு பெண் மூச்சை விட்டுவிட்டு அழ ஆரம்பிப்பாள். மறுபடி சக்கரம் சுற்றும். வந்தவர்களிடம் அம்மா கேட்டார். "டிம்பர்காரங்க எங்க கீறாங்க?"

"அவுங்க மேல வர்ல மேரிம்மா. சரிஞ்ச எடத்துல முட்டுக் குடுக்கப் போயிருக்காங்க. ஒண்ணும் ஆவாது, போங்க."

ஒன்றும் ஆகாது என்று சொன்னவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேலே ஓடிவரும்போது அப்பா மட்டும் அந்த இடத்துக்குள் போயிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அழக்கூட வரவில்லை. என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அப்பாவுக்குக் கண் திறந்த படம் கிடையாது. வீட்டில் இருப்பதெல்லாம் மூடிய படம். இன்றைக்கு ஏதாவது ஆனால் வரைந்துவிடுவார்கள். ஒரு கண் பெரிதாக, வெள்ளைப் புள்ளி வைத்து வரைந்துவிடுவார்கள், நான் எங்கள் வீட்டிலேயே தரையைப் பார்த்து நடக்க வேண்டும். பக்கத்தில் என் பின்னாத தலைமயிரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அத்தையிடம் இதைச் சொல்ல முடியாது என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

சங்கு ஊதியது. கூட்டம் கரைந்தது. வெயில் சாய ஆரம்பித்தபோது எங்களோடு டிம்பர்காரர்கள் வீட்டுப் பெண்கள் மட்டும்தான் மிச்சம். பிறகு சக்கரம் இன்னொரு முறை சுற்றியது. காலில் அடிபட்ட ஒருவரை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள், கடைசியில் அப்பா. தலை, புருவம், மீசை எல்லாம் கல்தூள். கேட்டுக்கு வந்து, பாதிப் பின்னலோடு நின்ற என்னையும் ஒற்றை ஷூவோடு தூங்கிப்போயிருந்த சாமுவையும் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னா, எல்லாரும் சிங்காரிச்சிக்கினு இங்கயே வந்துட்டீங்க?"

அம்மா முந்தானையால் அவர் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். "வாங்க, ஸ்டுடியோ மூடிடுவான்" என்றார்.

"இப்டியேவா?"

"இப்டியேதான்."

கேட்டருகே இருந்த குழாயில் அப்பா முகம் கழுவினார். அற்புதம் அத்தை எனக்கு மறுபக்கம் அவசரமாகப் பின்னிவிட்டார், ரிப்பன் இல்லை. ஜட்காவில் ஏறிப் போய் ஸ்டுடியோவில் உட்கார்ந்தோம். அழுக்குச் சட்டையை மறைக்க ஸ்டுடியோக்காரர் தன் கோட்டைக் கழற்றி அப்பாவுக்குக் கொடுத்தார். முதல் ஃப்ளாஷுக்கு அப்பா கண்ணை மூடினார். "அண்ணே, கண்ணு" என்றார் ஸ்டுடியோக்காரர். அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார், நடுவில் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது. "எனக்காகத் தொறந்து வையுங்க. இன்னிக்கி ஒரு நாள் தொறந்து வையுங்க."

இரண்டாவது ஃப்ளாஷ் அடித்தது. பச்சை வட்டம் மிதந்தது. "அவரு கண்ணு தொறந்திருந்துச்சா?" என்று அம்மா கேட்கவில்லை. இந்த முறை அம்மாவே பார்த்திருந்தார்.

படம் கைக்கு வந்தபோது நான்தான் முதலில் பிடுங்கிப் பார்த்தேன். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன, அகலமாக. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கண்களில் பயம் இருந்தது. கேட்டில் கேலி பேசிய மனிதர், வீட்டில் யாருக்கும் எதற்கும் பயப்படாத என் அப்பா, கீழே எதைப் பார்த்தாரோ அதை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பயப்படுவார் என்று எனக்குத் தெரிந்த நாள் அது. அதற்குப் பிறகு அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் நான் விழித்துக்கொண்டு, தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

இப்போது எங்கள் ஊரில் டம்ளர்கள் ஆடுவதில்லை. சுரங்கத்தை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன, சங்கு ஓய்ந்துவிட்டது, சக்கரம் துருப்பிடித்து நிற்கிறது. சாமு விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். நான் பெங்களூரிலேயே குடியேறிவிட்டேன். அப்பா அதே லைன் வீட்டில், இருமிக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் இருக்கிறார். போனது அம்மா. போன மழைக்காலத்தில், காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மாட்டுவதற்குப் படம் தேடியபோதுதான் நாங்கள் கவனித்தோம். பெட்டி நிறைய கிறிஸ்துமஸ் படங்கள், அந்த வருடத்துக்குப் பிறகு எல்லாவற்றிலும் அப்பா கண்ணைத் திறந்திருக்கிறார். எல்லாவற்றிலும் அம்மா பக்கவாட்டில் திரும்பியிருக்கிறார். ஒன்றில்கூட அவர் கேமராவைப் பார்க்கவில்லை. போனில் எடுத்தவையும் அப்படித்தான். ஆதார் அட்டையில் இருந்த முகத்தை அம்மா என்று சொன்னால் அம்மாவே ஒத்துக்கொள்ள மாட்டார். ராபர்ட்சன்பேட்டையில் படம் பிரிண்ட் போடும் பையன் எங்களுக்குத் தைரியம் சொன்னான். "டென்ஷன் ஆகாதீங்க ஆண்ட்டி. ஃபேஸை நேரா திருப்பி, கண்ணை நாமே வெச்சிடலாம். அஞ்சே நிமிஷம்." எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகும் அத்தை வீட்டுச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "உடுப்பா. அவ யாரப் பாக்கறான்னு எனக்குத் தெரியும்."

அப்படியே பிரிண்ட் போட்டு மாட்டினோம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் மாரிகுப்பத்தில் கூடினோம். சாமுவின் பிள்ளைகளுக்குத் தலைவாரி, சட்டைப் பொத்தான் போட்டு, அழுதவனைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்கப் பாதி நாள் போயிற்று. என் மகள் போனை ஸ்டாண்டில் வைத்து எடுத்தாள். முதல் படத்தில் அப்பா கண்ணை மூடியிருந்தார். சின்னத் திரையில் அந்த முகத்தைப் பார்த்ததும் போனை மகளிடமே நீட்டினேன். இன்னொன்று எடு என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு என் மகள் சலித்துக்கொண்டாள். "எல்லாரும் சூப்பரா இருக்காங்க, தாத்தாகூட கண்ணைத் திறந்திருக்காரு. நீ மட்டும் ஏம்மா கேமராவைப் பாக்கல?"