அலசி அனுப்பிய மணல்

டென்மார்க்கில் மணலைப் பையில் அடைத்து, கைப்பிடி வைத்து, பால் விற்கிற கடையிலேயே விற்கிறார்கள். பனி உறையும் மாதங்களில் வாசலில் யாராவது வழுக்கி விழுந்தால் வீட்டுக்காரன் பொறுப்பாம். அதனால் காலையில் எழுந்ததும் ஆளாளுக்குப் படியில் மணல் தூவுகிறார்கள். மணல் வண்டியைப் போலீஸ் துரத்துகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது பழக ஒரு குளிர்காலம் ஆனது. இத்தனைக்கும் எனக்குச் சோறு போடுவதே மணல்தான். கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளின் அடிமணல், அலை அடித்து அடித்து என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறேன். ஒரே தடவை வருகிற பாரத்தை மணல் தாங்கிவிடும். சின்னப் பாரம் திரும்பத் திரும்ப வந்தால்தான் வம்பு. பாரம் விலகியதும் மணல் ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிடும். அந்த ‘ஏறக்குறைய’வுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சொந்த ஊரான பொம்மிடியில் அண்ணன் வீடு ரயில் பாதையை ஒட்டி, பழைய பள்ளத்தில் மணல் கொட்டி நிரவிக் கட்டியது. வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் கலகலக்கும். போன தடவை போயிருந்தபோது ஹாலில் தரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கட்டில் காலுக்கு அண்ணி ஓட்டுச்சில் வைத்துச் சமாளித்திருந்தார். அண்ணனுக்கு அதெல்லாம் கவலையே இல்லை.

“மேல ஒரு ரூமு போட்டுடலாம்டா. புள்ளைங்களோட வந்தா எங்க படுப்ப? வூடு தாங்குமான்னு நீயே பாத்துச் சொல்லு. ஊரு ஒலகத்துக்கே கணக்குப் போடறவன்.”

திரும்பி வந்த பிறகு, தரைக்கு அடியிலிருந்து கொஞ்சம் மண் எடுத்து அனுப்பச் சொன்னேன். இங்கே படிக்க வந்த சேலத்துப் பெண்ணிடம் ஊறுகாய் பாட்டிலில் கொடுத்தனுப்பினார்கள். ஆய்வகத்தில் அதைத் திறந்தால், சர்க்கரை மாதிரி சுத்தமான மணல். உடன் வேலை செய்யும் மெத்தெ பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, “எந்தக் கடற்கரை?” என்றாள்.

“என் அண்ணன் வீட்டுக்கு அடியில் இருந்தது.”

“அப்போ வீடு இப்போது எதன்மேல் நிற்கிறது?” அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அண்ணியிடம் போனில் கேட்டேன். “வெளிநாட்டுக்குப் போவுதே தம்பி, குப்பையும் செத்தையுமா அனுப்பறதுங்களா? உங்களுக்குத்தான கேவலம்? நல்லா அலசி, மாவு சல்லடையில சலிச்சு, வெயில்ல காய வெச்சேனுங்க.” நான் பார்க்க நினைத்த வண்டலும் களிமண்ணும் அந்த அலசிய தண்ணீரோடு போய்விட்டன. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. “அருமையா இருக்குங்க அண்ணி” என்றேன்.

அண்ணனிடம் மட்டும் சொன்னேன். “மாடி வேண்டாம்ணா. இருக்கிற தரையே இறங்குது. அங்கயே ஒரு இன்ஜினீயரக் கூப்பிட்டுக் குழி தோண்டிப் பாக்கச் சொல்லு.”

“நீயே இன்ஜினீயர்தான?” என்றார். பிறகு, “நீ வரப்போறதில்லன்னு நேராவே சொல்லியிருக்கலாம்டா” என்றார். மணலைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நான் விளக்க ஆரம்பித்தபோது அந்தப் பக்கம் ரயில் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு கேட்டதோ தெரியாது.

நான் சொன்னது சரிதான். எந்த ஆய்வகத்திலும் நின்று சொல்வேன். ஆனால் சொல்லி முடித்ததும் உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அறை கட்டினால் போயாக வேண்டும், இனி அந்தக் கட்டாயம் இல்லை. அண்ணன் என்னைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி பேசினார். “மாடி இல்லாட்டி என்னங்க தம்பி? எங்க ரூம உங்களுக்குன்னு காலி பண்ணி, வெள்ளையடிச்சாச்சு. நீங்க எப்ப வேணா வாங்க. நாங்க ஹால்லயே படுத்துக்கறோம்.”

தரை இறங்குகிற ஹாலில். நான் இன்னும் டிக்கெட் போடவில்லை. காலையில் கடைமணலை வாசலில் தூவிவிட்டு, யாரும் விழக்கூடாதே என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.