மச்சானுக்கு ஒரு குடம்

அந்த மரபணுவின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வேலையில் இன்னும் நாலைந்து வருடம் பாக்கி இருந்தது. எங்கள் ஆய்வகத்துக்கு வந்துபோகும் இளம் சிறுநீரக மருத்துவர் ஒருவர், நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எஸ்எல்சி7ஏ9. படகின் பக்கவாட்டில் பெயின்டால் எழுதியிருக்கும் நம்பர் மாதிரி இருந்தது. ஒரு புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்கிற குறிப்பு அது என்றார். சிறுநீரகத்தில் வடிந்து வெளியே போகப் பார்க்கும் சில அமினோ அமிலங்களைப் பிடித்துத் திரும்ப உடம்புக்குள் கொண்டுவந்து விடுவது அந்தப் புரதத்தின் வேலை. குறிப்பு பிசகினால் புரதமும் பிசகிவிடும். அப்போது சிஸ்டீன் என்கிற அமினோ அமிலம் உள்ளே திரும்பாமல் சிறுநீரிலேயே தங்கி, கரைய முடியாமல் கல்லாகிவிடும்.

"அப்பா வழியா ஒண்ணு, அம்மா வழியா ஒண்ணு, ரெண்டும் பிசகியிருந்தாத்தான் கல்லு வரும். ஒண்ணு மட்டும் பிசகினவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா நீங்க சொல்ற மாதிரி அவங்களுக்கும் சோதனையில லேசா நிறம் வந்துச்சுன்னா, அநேகமா இந்த ஜீன்தான்" என்றார்.

யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மச்சானைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

மச்சான் என் அத்தை மகன். நைனாவின் அக்காவுக்கு ஒரே பிள்ளை. அத்தை தன் சொந்தத் தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். எங்கள் குப்பத்தில் அது வழக்கம்தான். அதேபோல நான் பிறந்த அன்றே நான் மச்சானுக்கு என்று ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாகக்கூட நினைவில்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவர். பெரிய முறுக்கு ஒன்றும் கிடையாது. சிரித்தால் கண் மூடிக்கொள்ளும்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டில் எங்கள் குப்பம். வாசலில் நின்றால் கிழக்கேயும் உப்புத் தண்ணீர், மேற்கேயும் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கு மணலில் பள்ளம் தோண்டி ஊறவிட்டு, கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொள்ள வேண்டும். நல்ல நாளில் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். சித்திரையில் அதுவும் கரித்துவிடும். அப்புறம் ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டிலிருந்து பீப்பாயில் படகேற்றிக் கொண்டுவருவார்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கத் தெரியாத பெண்ணை எங்கள் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மச்சானுக்குச் சின்ன வயதிலிருந்தே வலி வரும். இடுப்பில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இறங்கும். வெயிலில் தொழிலுக்குப் போய்விட்டுச் சரியாகத் தண்ணீர் குடிக்காததால் வரும் நீர்க்கடுப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அத்தை வாழைத்தண்டுச் சாறு கொடுப்பாள், பார்லி காய்ச்சிக் கொடுப்பாள். ஒருமுறை ஒரு கல் தானாகவே வெளியில் வந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பழைய மெழுகின் நிறத்தில் மிளகு அளவு இருந்தது.

"இன்னா இது?" என்றேன்.

"என் வயித்துல வெளஞ்ச முத்து. கம்மல் செஞ்சிக்கினு போட்டுக்கோ" என்றார்.

நான் அதைத் தூக்கி மணலில் எறிந்துவிட்டு அவரைத் துரத்தினேன். அப்போது எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில், நான் பழவேற்காட்டில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடம், ஏரியில் இறால் சீசன். மச்சான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். தலை மட்டும்தான் வெளியே தெரிந்ததாம். கூட இருந்தவர்கள் தூக்கிப் படகில் போட்டார்கள். சிறுநீரில் ரத்தம். பொன்னேரிக்கு பஸ்ஸில் கொண்டுபோய், அங்கே கைவிரித்துவிட, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். முதுகுப்பக்கம் கிழித்துக் கல்லை எடுத்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேலே கழித்துத் திரும்பியபோது அவர் சட்டை அவருக்கே தொளதொளவென்று இருந்தது. விலாவிலிருந்து வயிறுவரை தையல்.

அறுத்தெடுத்த கல்லைச் சோதித்த டாக்டரம்மா, இது ஊரில் எல்லோருக்கும் வருகிற கல் இல்லை, பிறவியிலேயே வருகிற கோளாறு, மறுபடியும் வரும் என்று சொல்லியிருந்தார். வராமல் இருக்க ஒரே வழி தண்ணீர். ஒரு நாளைக்கு அரைக் குடம் குடிக்க வேண்டும். அதில் சோடா மாவு கலந்துகொள்ள வேண்டும். மீனையும் உப்பையும் குறைக்க வேண்டும்.

"மீன தின்னாத, உப்ப தொடாத, தண்ணிய மட்டும் குடி. அந்தம்மா நம்மூர வந்து பார்த்துட்டுப் பேசணும்" என்று மச்சான் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து நான் ஊற்றுக்கு இரண்டு நடை போக ஆரம்பித்தேன். விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு குடம். பள்ளிக்கூடப் படகு கிளம்புவதற்குள் அத்தை வீட்டு வாசலில் ஒரு குடம். கொட்டாங்குச்சி கீறாத விரல் எனக்கு அந்த வருடம் இல்லை. ஊற்றில் நிற்கிற பெண்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். அப்புறம் முணுமுணுத்தார்கள். ஒருத்தருக்கு இவ்வளவு தண்ணீர் என்றால் மற்றவர்களுக்கு எங்கே போவது? அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் வரிசையில் என்னை யாரும் தள்ளிவிடவில்லை. நான் கொண்டுபோய் வைத்த தண்ணீரை மச்சான் என் எதிரில்தான் முதல் சொம்பு குடிப்பார். அண்ணாந்து குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். படகு போய்விடும் என்று அத்தை விரட்டும்வரை நிற்பேன். என் வாழ்க்கையில் நான் முழுசாகச் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் சொல்வேன்.

அந்த ஐப்பசியில் மறுசோதனைக்கு வரும்போது வீட்டு ஆட்களையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அத்தையின் வீட்டுக்காரர் அதற்குச் சில வருடம் முன்பே இறந்துவிட்டார். அதனால் அத்தை, நைனா, மச்சான், நான் என்று நாலு பேர் போனோம். நான் ஊரைப் பார்க்கிற ஆசையில் ஒட்டிக்கொண்டு போனவள். அங்கே எல்லோரையும் ஆளுக்கொரு பாட்டிலில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னார்கள். நைனா வெட்கத்தில் பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா எங்கள் கண் முன்னாலேயே சோதித்தார். கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மச்சானுடையது நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி கருஞ்சிவப்பானது. அத்தையுடையதும் நைனாவுடையதும் லேசாகச் சிவந்தன. என்னுடையதும் அப்படியே. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு, என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் மச்சானுடைய துளியைக் காட்டினார். ஆறு மூலையுள்ள கண்ணாடிச் சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. இவ்வளவு அழகானதா அவரை அப்படிக் கத்த வைத்தது என்று நினைத்தேன்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்று டாக்டரம்மா அத்தையைக் கேட்டார்.

"என் தம்பி மவ. வர்ற தையில எம்புள்ளைக்குக் கட்டப் போறோம்."

டாக்டரம்மா குழாய்களைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். அப்புறம் நாற்காலியை மச்சான் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவரிடமே பேசினார்.

"இது ரத்தத்துலயே வர்றது. உங்ககிட்ட முழுசா இருக்கு. இவங்க மூணு பேர்கிட்டயும் பாதி இருக்கு. அதனால இவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டா, பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வரலாம், வராமலும் போகலாம். வெளியில கட்டினா அநேகமா வராது. கட்டக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சு முடிவு பண்ணுங்க."

ரயிலில் திரும்பினோம். பொன்னேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நைனாதான், "பாதிக்குப் பாதின்னா நல்ல பாதியும் கீதுல்ல? நாம கட்டி வெப்போம்" என்றார். அத்தை தலையை ஆட்டினாள். நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். அவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து அவரே ஊற்றுக்கு வந்தார். ஆண்கள் அங்கே வருவதில்லை. நல்ல மத்தியானம், என்னைத் தவிர யாருமில்லை. எதிரில் குந்தி உட்கார்ந்து, என் கையிலிருந்த கொட்டாங்குச்சியை வாங்கித் தானே மொள்ள ஆரம்பித்தார்.

"கல்யாணம் வேணான்னு உன் நைனாகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"என்னைக் கேட்டியா நீ?"

"உன்ன கேட்டா நீ இன்னா சொல்லுவன்னு தெரியாதா எனக்கு?"

"கொழந்தையே வேணாம் மச்சான். நாம ரெண்டு பேருமே இருப்போம்."

"இன்னிக்கு சொல்லுவ. பத்து வருசம் கழிச்சி அடுத்த வூட்டுப் புள்ளைய தூக்கி வெச்சிக்கினு நிப்ப. அத நான் பார்க்கணுமா?"

"வந்தா வரட்டும். தண்ணி குடிச்சா சரியாப்பூடும்ல. நா எடுத்தாந்து வெக்கிறேன்."

அவர் குடத்தைப் பார்த்தார். கால் குடம்கூட நிறையவில்லை.

"எத்தினி பேருக்கு எடுப்ப?" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் குடம் நிறையும்வரை மொண்டு ஊற்றினார். ரொம்ப நேரம் ஆனது. நிறைந்ததும் என் இடுப்பில் தூக்கி வைத்தார். "அந்த வலி எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியாது. தெரிஞ்சே ஒரு கொழந்தைக்கு நா அத குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்து போய்விட்டார். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. நியாயமாகப் பேசியவர்மேல் எப்படிக் கோபப்படுவது? அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பொங்கலுக்குள் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். பூண்டி நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டார். எனக்கு ஒரே ஒரு கடுதாசி வந்தது, யாரையோ எழுதச் சொல்லிப் போட்டது. மீனுக்கு ருசி இல்லை, அலைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை, ஆனால் படகில் உட்கார்ந்தபடியே கையால் அள்ளித் தண்ணீர் குடிக்கலாம் என்று இருந்தது. அந்த வரியைப் படித்தபோதுதான் அவர் திரும்பி வரப்போவதில்லை என்று புரிந்தது.

எனக்கு வந்த மாப்பிள்ளைகளை நான் வேண்டாம் என்றேன். படிக்கிறேன் என்றேன். நுண்ணோக்கி பார்க்கிற வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று அந்த டாக்டரம்மாவையே போய்க் கேட்டேன். அவர் வழிகாட்ட, அந்தப் படிப்பில் சேர்ந்து, சென்னையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். சொந்தத்தில் இல்லாத ஒரு நல்ல மனிதரை இருபத்தைந்து வயதில் கட்டிக்கொண்டேன். என்னை அவர் ஒருநாளும் மனம் நோகப் பேசியதில்லை. ஆனாலும் வேலையில் ஒவ்வொரு சிறுநீர்த் துளியையும் கண்ணாடியில் வைத்துக் குனியும்போது அந்த ஆறு மூலையைத் தேடுவேன். அத்தனை வருடத்தில் மூன்று பேரிடம்தான் கண்டேன். மூன்று முறையும் முதலில் சீட்டில் இருந்த பெயரைத்தான் பார்த்தேன்.

மச்சான் பூண்டிப் பக்கமே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று அத்தை வந்து சொல்லியிருந்தாள். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் காலை ஆய்வகத்து ஜன்னலில் நின்று யாரோ என்னைக் கேட்கிறார்கள் என்றார்கள். போனேன். முன்தலை வழுக்கை, கையில் நாலு வயதுப் பெண் குழந்தை.

"இதுக்கு வயித்த வலின்னு ஒரு வாரமா அழுவுது. வேற யார்கிட்டயும் போவப் பயமா கீது" என்றார்.

நானே சோதித்தேன். நுண்ணோக்கியில் இரண்டு முறை, மூன்று முறை தேடினேன். ஆறு மூலைச் சில்லு ஒன்றுகூட இல்லை. குழாயில் மருந்தை விட்டேன். லேசாகத்தான் சிவந்தது. வெளியே வந்து, "அது இல்ல மச்சான். பூச்சி வலியா இருக்கும், மருந்து வாங்கித் தரேன்" என்றேன். அவர் சுவரில் சாய்ந்தார். குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு, கண் மூடிச் சிரித்தார்.

மத்தியானம் கான்டீனில் மூவரும் சாப்பிட்டோம். நான் குழந்தைக்கு ஊட்டிவிட்டேன். நான் கேட்க நினைத்திருந்தது எவ்வளவோ. "உனக்கு வலி வருதா இப்போ?" என்று மட்டும் கேட்டேன். எப்போதாவது, என்றார். "நீ நல்லா கீறியா?" என்றார். நல்லா இருக்கேன் என்றேன். இரண்டுமே உண்மைதான்.

பஸ் ஏறும்போது குழந்தை என்னைக் காட்டி, "இவங்க யாரு நைனா?" என்றது.

அவர் என்னைப் பார்த்தார். முறைப்படி அந்தக் குழந்தை என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இருவருக்குமே தெரியும்.

"சின்னம்மா" என்றார்.

"சின்னம்மா, போய்ட்டு வரேன்" என்று அது ஜன்னலிலிருந்து கை ஆட்டியது. பஸ் திரும்பி மறையும்வரை அந்த வார்த்தையின் பின்பாதியை மட்டும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மீதி வேலையைப் பார்க்க உள்ளே போனேன்.